மூக்கடைத்த மூன்றாம் நாள்

சலவைக்கடையில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். துவைக்கும் பக்கத்தில் அவளைவிட மூத்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் அவள் பெரியக்காதான். பட்டு, கம்பளி என்று பயந்து பயந்து தொடவேண்டிய துணியெல்லாம் அவளுடைய மேசைக்கு வரும். பத்தொன்பது வருஷத்தில் ஒன்றைக்கூட அவள் தீய்த்ததில்லை. "இவங்க கையில என்னவோ இருக்கு" என்று முதலாளியம்மா வாடிக்கைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லுவாள்.

கையில் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் மூக்கில். பட்டு தீய்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாசனை வரும். ஈரத் தலையை வெயிலில் உலர்த்தும்போது வருமே, ஏறக்குறைய அது. அது எட்டிய நொடியில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிவிடுவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சின்ன வயதில், பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று வாசலில் நின்றே சொல்லப்போய், அண்ணன்மார் நாய்மூக்கு என்று பெயர் வைத்தார்கள். கல்யாணம் ஆகி வந்த பிறகுதான் அந்தப் பெயர் ஒழிந்தது. அதை மறுபடி கிளப்புவானேன்?

அந்த மூக்குத்தான் செவ்வாய்க்கிழமை அடைத்துக்கொண்டது.

அவளுடைய கணவர் பஸ் கண்டக்டர். நாளெல்லாம் நூறு பேருக்குப் பதில் சொல்லிப் பழகியவர். வீட்டிலும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுவார். "நாள் முழுக்க ஆவியிலேயே நிக்கறே. உனக்கு எப்படிச் சளி பிடிச்சுது?" என்றார். அவளுக்கும் அதுதான் புரியவில்லை. ஆவி பிடித்தால் சளி போகும் என்றால், கொதிகலனுக்குப் பத்தடி தள்ளி நிற்கிறவளிடம் சளி எப்படி வந்தது? வெறும் வெந்நீர்தான் நல்லது என்றார் கணவர். மாடி வீட்டுக்காரி, தைலம் போடாத ஆவி உப்புப் போடாத சோறு என்றாள். செவ்வாய் ராத்திரி வெறும் வெந்நீரில் பிடித்தாள், புதன் காலை தைலம் போட்டுப் பிடித்தாள். இரண்டு தடவையும் துண்டுக்குள் மூக்கு திறந்தது; சோப்பு வாசனைகூடத் தெரிந்தது. முகத்தைத் துடைத்துவிட்டுத் தலை வாரி முடிப்பதற்குள் பழையபடி அடைத்துக்கொண்டது.

வியாழக்கிழமை கடைக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் நின்று கேட்டாள். அங்கே இருந்த சின்னப்பெண் படித்தவள்.

"ஆவியால சளி குணமாகாதுக்கா. மூக்கு கொஞ்ச நேரம் லேசாகும், அவ்வளவுதான். சளி தானா வந்துச்சு, தானா போயிடும்."

"அப்புறம் எதுக்கு இத்தனை தைலம் அடுக்கி வச்சிருக்கே?"

"கேக்கறாங்களே."

பெரியக்காவும் ஒரு புட்டி வாங்கிக்கொண்டாள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், மேசைமேல் வையுங்கள், கொட்டினால் வெந்துபோகும் என்று அந்தப் பெண் பின்னாலிருந்து சொன்னாள். தைலம் போடாதே என்று சொல்கிறாளா, போடு என்று சொல்கிறாளா என்று யோசித்துக்கொண்டே பெரியக்கா கடைக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுடைய மேசைமேல் ஒரு நீளமான பட்டுக் கோட்டு கிடந்தது. பாலாடை நிறம். மேடையில் பாடுகிற ஓர் அம்மாளுடையது. சாயங்காலம் கச்சேரி, ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார்களாம். நாளைக்குத் தந்தால் ஆகாதா என்று கேட்டுப் பார்த்தாள், தனக்கு மூக்கு அடைத்திருக்கிறது என்றும் சொன்னாள்.

"மூக்குதானே அடைச்சிருக்கு? கையா அடைச்சிருக்கு?" என்று முதலாளியம்மா சிரித்தாள்.

பெரியக்காவும் சிரித்து வைத்தாள்.

மற்ற வேலையெல்லாம் முடித்து, கோட்டைக் கையில் எடுக்கும்போது மணி மூன்றரை. பெட்டியின் சூட்டுத் திருகு என்றைக்கோ கெட்டுப்போயிருந்தது. மூன்றில் வைத்தாலும் ஐந்தின் சூடு அடிக்கும். மூக்கு இருக்கும்போது திருகு எதற்கு என்று அவள் அதைச் சரிபண்ணச் சொன்னதே இல்லை. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தாள். சுர்ரென்றது. எந்தச் சுர் எவ்வளவு சூடு என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்தை அவள் காதில் வாங்கியதே இல்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஆவி பிடித்தால் கொஞ்ச நேரம் திறக்கிறது அல்லவா? அந்தக் கொஞ்ச நேரம் போதுமே. பின்னறையில் கெட்டிலைப் போட்டாள், சட்டியை மேசைமேல் வைத்தாள், தைலத்தைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டாள், துண்டைப் போர்த்திக்கொண்டாள். மூக்கு திறந்தது. ஓட்டமாக வந்து பெட்டியை எடுத்தாள்.

கோட்டின் முதல் கையை முடிப்பதற்குள் ஏதோ கருகுகிற மாதிரி இருந்தது. வெடுக்கென்று தூக்கினாள். ஒன்றுமில்லை. மறுபடி வைத்தாள், மறுபடி அதே வாசனை, மறுபடி ஒன்றுமில்லை. தைலமா, பட்டா, இல்லை மூக்கே தனக்குத்தானே உண்டாக்கிக்கொள்கிறதா? தன் கையை மோந்தாள்: தைலம். துணியை மோந்தாள்: தைலம். சுவரை மோந்தாள், அதுவும் தைலம்தான். எதை நம்புவது என்று தெரியாமல் பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். ஒரு கை மட்டும் தேய்த்து முடிந்து, மற்றபடி கோட்டு அப்படியே கிடந்தது. மணி நாலேகால்.

பெரியக்கா முன்பக்கம் போய், முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், நாய்மூக்கு உட்பட.

முதலாளியம்மா கணக்கு நோட்டை மூடினாள். "அப்போ இத்தனை வருஷமா நான் கையின்னு சொல்லிட்டிருந்தது?" என்றாள்.

"நீங்களாத்தான் சொன்னீங்கம்மா."

"சரி வா. என் மூக்கு நல்லாத்தான் இருக்கு. என்ன வாசனைன்னு மட்டும் சொல்லு."

ஈரத் தலை, வெயில் என்று பெரியக்கா சொல்லிக்கொடுத்தாள். முதலாளியம்மா மேசைமேல் குனிந்து நின்றாள். பெட்டி துணியைத் தொட்டதுமே, "வந்துடுச்சு" என்றாள். இரண்டாம் தடவையும் அதேதான். நாலைந்து தடவைக்குப் பிறகு கொஞ்சம் பழகியது. இது இல்லை, இது இல்லை, இப்போ என்றாள், பெட்டி எழுந்தது. கோட்டின் முதுகும் மற்றக் கையும் அப்படியே முடிந்தன. நாலு ஐம்பதுக்கு மாட்டியில் தொங்கவிட்டார்கள். ஒரு பழுப்புப் புள்ளி இல்லை.

முதலாளியம்மா அதன் கழுத்துப்பட்டையில் முகத்தை வைத்தாள். "பெரியக்கா, இந்தக் கோட்டுக்குத்தான் சளி பிடிச்ச மாதிரி இருக்கு. தைலக் கம்பெனியில வேலை பாக்கறவங்க வாசனை."

பெரியக்காவின் கையிலிருந்த தைல வாசனை முழுக்கத் துணியில் ஏறியிருந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்குள் மூக்கு மறுபடி அடைத்துவிட்டது. துணியில் ஏறிய வாடைக்கு அந்தக் கடையில் ஒரே வழிதான் உண்டு. கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கோட்டைக் கொதிகலன் குழாய்க்கு எட்ட நிறுத்தி, மெல்லிய ஆவியைத் திறந்துவிட்டாள். பிறகு காற்றாடிக்கு எதிரே பிடித்தாள்.

"போயிடுச்சா?"

முதலாளியம்மா மோந்து பார்த்தாள். "போயிடுச்சு."

நிஜமாகவே போயிற்றா, சமாதானத்துக்குச் சொல்கிறாளா? கேட்கவும் முடியவில்லை, தானே மோந்து பார்க்கவும் வழியில்லை. வாசலில் கார் வந்து நின்றது. கோட்டுக்கு ஒரே தடவையில் கேட்ட ஆவி தனக்கு ஏன் மூன்று நாளாகக் கேட்கவில்லை என்று யோசித்தபடி, பெரியக்கா அதை இரண்டு கையிலும் ஏந்தி முன்பக்கம் எடுத்துக்கொண்டு போனாள்.