தாலிக்கு முந்தைய கையெழுத்து

கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்களில் உஷாராணியைத் தெரியாதவர்கள் குறைவு. பதினாலு வருஷமாக ஓட்டுகிறாள். கேட்டுக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடித்து ஒரு நிமிஷத்தில் பிள்ளை வெளியே வரவில்லையென்றால், பிள்ளையை விட்டுவிடுவாள், தாயை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் ஆறு வருஷமாகப் பிடிபடவில்லை. தான் குடியிருக்கிற வீடு தன்னுடையதா, இல்லையா?

வீடு அவள் புருஷன் கமலநாதன் வாங்கியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முதல் மனைவி இறந்தபிறகு, ஒன்பது வயது மகள் ஷாமினியை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தவரைத்தான் உஷாராணி கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷன், ஆனால் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்தபோது விட்டுப்போன உயிலிலும் அதே புத்திதான். 'என் மனைவி உஷாராணி, சாகும்வரை அல்லது மறுமணம் செய்துகொள்ளும்வரை, இந்த வீட்டில் இருந்து அனுபவிக்கலாம். அதன்பிறகு வீடு என் மகள் ஷாமினியைச் சேரும்.'

பிரிக்ஃபீல்ட்ஸ் லாயர் கோமதிதான் அதை வாசித்துக் காட்டினார். வீட்டுக்கு டிரஸ்டியாக அவரையே போட்டிருந்தார் கமலநாதன்.

"அப்ப வீடு யாரோடது மேடம்?" என்று கேட்டாள் உஷாராணி.

"இருக்கிற உரிமை உங்களுக்கு. வரப்போற உரிமை ஷாமினிக்கு. ரெண்டுமே இப்பவே இருக்கு அக்கா."

வரப்போவது எப்படி இப்பவே இருக்கும்? கேட்டால் முட்டாள் என்று நினைப்பார்களோ என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு ஆட்டிய தலைக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை.

ஷாமினி கல்யாணமாகிப் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறாள். அவளுக்கு மார்ச்சில் கல்யாணப் பதிவு, அடுத்த தையில் தாலி. இடைப்பட்ட பத்து மாதமும் மாப்பிள்ளையை உஷாராணி கேட்டைத் தாண்டி உள்ளே விடவில்லை. "சைன் பண்ணிட்டா புருஷனா? தாலிய கட்டிட்டு வரச் சொல்லு" என்று விரட்டினாள். இங்கே நம் சனங்கள் எல்லாருக்கும் அதுதான் நினைப்பு. பதிவு அரசாங்கத்துக்கு, தாலி ஊருக்கு, கல்யாணம் என்பது தாலிதான்.

போன வருஷம் நாகையா வந்து சேர்ந்தார். மனைவியை இழந்தவர், சாலாக் செலாத்தானில் டயர் கடை வைத்திருக்கிறார். வேனுக்கு டயர் மாற்றப் போய், பேச்சு வளர்ந்து, கடைசியில் கல்யாணத்தில் வந்து நின்றது. ஷாமினிக்கு ஒரே சந்தோஷம். கோயிலில் கேட்டபோது, முதலில் பதிவுச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள், பிறகு தேதி தருகிறோம் என்றார்கள். ஆகஸ்டில் பதிவு, தையில் தாலி என்று முடிவானது.

உஷாராணி உயிலை மறந்துவிடவில்லை. யாரையும் ஏமாற்றுகிற சாதி இல்லை அவள். தாலி ஏறுகிற அன்றைக்கே வீட்டுச் சாவியை ஷாமினி கையில் கொடுத்துவிட்டுத்தான் சாலாக் செலாத்தானுக்குப் போவது என்று மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தாள். ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று ஷாமினியுடையது. பிறகு ஆளுக்கொரு தோசை சாப்பிட்டுவிட்டு, நாகையா கடைக்குப் போனார், உஷாராணி மதியப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றப் போனாள்.

தீபாவளிக்கு முன்னால் நாகையா மெல்ல ஆரம்பித்தார். "வேனெல்லாம் எதுக்கு? வித்துட்டு வீட்டுல இரு. அம்மாவ பாத்துக்க ஆளு வேணும்."

"உங்கம்மாவ பாக்க ஆள் தேடுனீங்களா, பொண்டாட்டி தேடுனீங்களா?" என்றாள் இவள். இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் அவரே, "தாலி கட்டல, ஒண்ணும் நடக்கல. விட்டுருவோம் லா" என்றார். சண்டை இல்லாமல் பிரிந்தார்கள். வீடும் போகவில்லை, வேனும் போகவில்லை என்று உஷாராணிக்கு உள்ளுக்குள் நிம்மதிதான்.

அந்த நிம்மதியில்தான் வாசலில் வேனுக்கு ஒரு கூரை போடலாம் என்று தோன்றியது. அதற்கு அனுமதி கேட்கிற நகராண்மைக் கழக விண்ணப்பப் பாரத்தில் வீட்டு உரிமையாளர் கையெழுத்து என்று ஓர் இடம் இருந்தது. அங்கே யார் போடுவது? மறுபடியும் அதே கேள்வி. கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனாள்.

கோமதி பாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பேச்சுவாக்கில்தான் சொன்னாள். "நல்லவேளை மேடம், கல்யாணம் ரெஜிஸ்டரோட நின்னுபோச்சு. இல்லாட்டி இந்நேரம் வீட்ட விட்டுப் போயிருப்பேன்."

கோமதி பேனாவைக் கீழே வைத்தார். "ரெஜிஸ்டர் பண்ணீங்களா?"

"ரெஜிஸ்டர் மட்டும்தான். கல்யாணம் நடக்கல."

"அக்கா, ரெஜிஸ்டர் பண்ணா அதுதான் கல்யாணம்."

"தாலி கட்டலையே!"

"சட்டம் தாலிய பாக்காது, கையெழுத்தத்தான் பாக்கும். நீங்க சைன் பண்ண அன்னிக்கே மறுமணம் ஆயிருச்சு. உயில்படி அந்த நிமிஷமே உங்க உரிமை முடிஞ்சு, வீடு ஷாமினிக்குப் போயிருச்சு."

உஷாராணி சிரித்தாள். லாயர் சிரிக்கவில்லை.

"அப்ப அத கேன்சல் பண்ணிடுங்க மேடம்."

"சேர்ந்து வாழவே இல்லன்னு சொல்லி ரத்து பண்ணப் பாக்கலாம். ஆனா ரத்து ஆகுற நாள்வரைக்கும் அது கல்யாணம்தான். வீடு திரும்பி வராது."

நடக்காத கல்யாணத்தை ரத்து பண்ண வேண்டும், ரத்து பண்ணினாலும் அது நடந்ததுதான். என்ன சட்டமோ! குழப்புவதில் கமலநாதனே தோற்றார் போங்கள். டிரஸ்டி என்கிற முறையில் ஷாமினிக்குத் தெரிவித்து வீட்டை அவள் பேருக்கு மாற்றியாக வேண்டும் என்றார் கோமதி. "நானே சொல்றேன், ஞாயித்துக்கிழமைவரைக்கும் டைம் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

ரயிலில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. அப்படியென்றால் ஆகஸ்டிலிருந்து அவள் ஷாமினி வீட்டில் அல்லவா இருந்திருக்கிறாள்? தீபாவளிக்கு, "வீட்டுக்கு வாங்கடி" என்று ஷாமினியை ஷாமினி வீட்டுக்கே கூப்பிட்டு முறுக்குச் சுட்டுக் கொடுத்திருக்கிறாள். நாகையா புருஷனா, டயர் கடைக்காரரா? ஷா ஆலாம் தாண்டுகிறபோது வேறொரு நினைப்பு வந்தது. சாட்சி போட்டவள் ஷாமினி. படித்தவள். அவளுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்தேதான் அவ்வளவு சந்தோஷமாக வந்தாளோ? சீச்சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அந்த நினைப்பு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷாமினி வந்தாள். உஷாராணி சுற்றி வளைக்காமல் லாயர் சொன்னதை அப்படியே சொன்னாள். ஷாமினி வாயைப் பிளந்தாள். "நீங்கதான் கல்யாணமே பண்ணலையேம்மா!"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

கேட்டபிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது. ஷாமினிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னம்மா இது? தெரிஞ்சிருந்தா சைன் பண்ணிருப்பேனா? என்னோட கல்யாணத்துல நீங்க சொன்னதத்தானே நானும் நினைச்சேன்!"

உஷாராணிக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஷாமினி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"என் பேருக்கு வந்தா வரட்டும்மா. நீங்க பாட்டுக்கு இங்கயே இருங்க."

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஆறு வருஷமாக உயிலோடு குடியிருந்த பழக்கம், கேள்வி தானாக வந்துவிட்டது.

"எதுவரைக்கும்?"

முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "அவர்கிட்டயும் ஒரு வார்த்தை பேசணும்ல... இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றாள் ஷாமினி. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

செத்துப்போன மனுஷன் குழப்பமாகவாவது, எதுவரைக்கும் இருக்கலாம் என்று ஓர் எல்லையை எழுதிவைத்துவிட்டுப் போனார். சோறூட்டி வளர்த்த பிள்ளையிடம் அதை எழுதிக் கொடு என்று கேட்க, ஊரையே அதட்டுகிற உஷாராணிக்கு வாய் வரவில்லை.