நின்று சுடுவதா, ஓடிச் சுடுவதா?

கனடாவின் எட்மண்டனில், பிளாஸ்டிக் குண்டு போடும் கைத்துப்பாக்கியால் போட்டிக்குப் பழக்கும் கிளப்பில் சேரப் போனேன். படிவம் தந்த தமிழர் என் கைகளையே பார்த்தார்.

“அண்ணை எந்த ஊர்? முந்தித் துவக்குப் பிடிச்சிருக்கிறியளோ?”

இதைக் கேட்டு யாருக்குச் சொல்லப்போகிறார்?

“கொழும்பு. பிடிச்சதேயில்லை,” என்றேன். இரண்டும் பொய்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “இஞ்ச ரெண்டு விதம், அண்ணை. ஒண்டு, நிண்ட இடத்தில நிண்டு இலக்குத் தகடுகளைச் சுட்டு விழுத்துறது. மற்றது, மறைப்புக்கு மறைப்பு ஒளிச்சு ஓடிச் சுடுறது. நான் வன்னிச் சண்டைக்குள்ளால வந்தனான். ஓடிப் பாத்தன், பிறகு கனநாள் நித்திரையில்லை. அதுதான் கேட்டனான்.”

நின்று சுடுவதற்கே பெயர் கொடுத்தேன்.

மூன்று வருடமாக அருகருகே நின்று சுடுகிறோம். நானும் வன்னிதான் என்று இன்னும் சொல்லவில்லை. “கொழும்பு அண்ணை” என்று அவர் கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன்.