பதினாலாம் அறையின் பச்சை அட்டை

இது கட்டுக்கதை இல்லை. எனக்கே நடந்தது. சந்தேகம் இருந்தால் என் இடுப்பில் இருக்கும் தையலைக் கேளுங்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள்தான் நானும். எனக்கு வந்தது வெயில் ஏறிய காலையில்.

என் பெயர் தங்கம். வயது எழுபத்து நான்கு. செகந்திராபாத்தில் ரயில்வே கிளார்க்காக இருந்தவள். மகன் ராஜீவுக்கு அதே ஊரில், மாதாப்பூரில் வேலை. யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று நானே பிடிவாதம் பிடித்து ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். அறை எண் பதினாலு.

அங்கே ஒரு வழக்கம். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் பிளாஸ்டிக் அட்டை தொங்கும். இரவில் பணிப்பெண் அதைச் சிவப்புப் பக்கம் திருப்பிவைப்பாள். காலையில் எழுந்ததும் நாம் பச்சையாக்க வேண்டும். ஏழு மணிக்கும் சிவப்பாக இருந்தால் உள்ளே வந்து பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள், நான் எழுவதற்கு முன்பே என் அட்டை பச்சையாக இருந்தது. நான்காம் நாளும் அப்படித்தான். பணிப்பெண் நஸ்ரினைப் பிடித்துக் கத்தினேன்.

"கைக்கு, ஏன் திட்றீங்கம்மா? நான் தொடவே இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "இந்த ரூம் நக்கோம்மா, வேணாம். வேற கேளுங்க."

நானா கேட்கிறவள்?

ஏகாதசி அன்று காலை 6.10. குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை. அவசர மணியின் கயிறு முகத்தில் இடிக்கிறது என்று நானேதான் மேலே சுருட்டிக் கட்டியிருந்தேன். எட்டவில்லை. விரதம் என்பதால் சாப்பிடவும் தேடமாட்டார்கள். அட்டையை நான் இன்னும் திருப்பவில்லை, சிவப்பாகத்தானே இருக்கும், ஏழு மணிக்கு வந்துவிடுவார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கிடந்தேன்.

6.58. அறைக்குள் யாரோ நடந்தார்கள். சளப்... சளப்...

"நஸ்ரின்!"

குளியலறைக் கதவின் அடி இடுக்கில் இரண்டு பாதங்கள். தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"தூக்கி விடும்மா..."

பாதங்கள் வாசல் பக்கம் போயின.

டக்.

அட்டை திரும்பும் சத்தம்.

பாதங்கள் வந்து பழைய இடத்திலேயே நின்றன.

7.05. வராந்தாவில் நஸ்ரின். "பதினாலு... பச்சை."

அலறினேன். குழாய் தானாகத் திறந்துகொண்டது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

11.20. கட்டிலில் என் போன் அடித்தது.

கட் ஆனது.

மறுபடி அடித்தது.

கட்.

1.15. கதவைத் தள்ளிக்கொண்டு ராஜீவ் ஓடி வந்தான்.

"என் போனை நீ கட் பண்ணவே மாட்டியேம்மா... அதான் வந்தேன்."

குழந்தை மாதிரி அழுதேன்.

ஆஸ்பத்திரியில் நஸ்ரின் சொன்னாள். எனக்கு முன்னால் அந்த அறையில் கனகம் என்பவர் இருந்தாராம். "அப்ப இருந்த அட்டெண்டர் ஒவ்வொரு ரூமா பாக்க சோம்பல்பட்டு, எல்லா அட்டையையும் அவனே பச்சையாத் திருப்பிடுவான்மா. கனகம்மா பாத்ரூம்ல விழுந்து ரெண்டு நாள் கிடந்தாங்க. குழாய் ஓடிட்டே இருந்துச்சு. பாக்கும்போது உயிர் இல்ல."

ராஜீவ் விடவில்லை. வராந்தா கேமராப் பதிவை வாங்கி வந்தான். 6.58. என் கதவு ஒரு சாண் திறக்கிறது. உள்ளிருந்து ஈரமான ஒரு கை வந்து அட்டையைப் பச்சையாக்குகிறது.

அதோடு முடியவில்லை.

1.40. என்னை ஆம்புலன்சில் ஏற்றியாகிவிட்டது. அறையில் யாரும் இல்லை. கதவு திறக்கிறது. அதே கை. அட்டையைச் சிவப்பாக்குகிறது.

நஸ்ரினிடம் விசாரித்தேன். இன்றுவரை அது சிவப்பாகவே இருக்கிறதாம்.

யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.