நைட்ரஜன் பாய்

அப்துல் முத்தலிப் என்று எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், வாசலில் நிற்கிற வாட்ச்மேனே முழிப்பார். நைட்ரஜன் பாய் என்றால் போதும், கை தானாக எங்கள் லேபைக் காட்டும். திரவ நைட்ரஜன் கேனுக்குச் சாக்கு சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, சிங்காநல்லூர்ப் பக்கத்துக் கிடங்கிலிருந்து கோயமுத்தூரின் குறுக்கே பதினாறு வருஷம் மிதித்துக் கொண்டுவந்த லேப் அட்டெண்டர் அவர். அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், கிடையாது. வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் கோமளா. பெருந்துறைக்குத் தெற்கே எங்கள் காட்டில் மழையை மட்டும் நம்பி விதைக்கிற சோளம் ஒன்று உண்டு. மற்ற பயிரெல்லாம் கருகிய பிறகும் இலையைச் சுருட்டிக்கொண்டு அது நிற்கும். எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் 1995இல் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். தொட்டியில் வளர்த்து, தண்ணீரை நிறுத்தி, ஐந்தாம் நாள், பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் இலையை வெட்டுவேன். வெட்டிய இலை அந்தக் கணமே நைட்ரஜனுக்குள் போய்விட வேண்டும். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி.

ஏன் அவ்வளவு அவசரம்? மண் காயும்போது வேர் இலைக்கு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது, இலை தன் துளைகளை மூடிக்கொள்கிறது. செல்லுக்குள் அதுவரை சும்மா கிடந்த மரபணுக்கள் விழித்து, ஆர்.என்.ஏ. என்கிற துண்டுச் சீட்டுகளை எழுத ஆரம்பிக்கின்றன. சர்க்கரையைச் சேர்த்து வை, சவ்வு சிதையாமல் காக்கிற புரதத்தைச் செய் என்பதெல்லாம் அந்தச் சீட்டில்தான் இருக்கும். எந்த நாளில் எந்தச் சீட்டு எழுதப்பட்டது என்பதுதான் என் ஆராய்ச்சி. செடி பதினைந்து நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும். அதன் சீட்டு, இலை உருகிவிட்டால் கால் மணி நேரம் தாங்காது. இலையில் இருக்கிற நொதிகளே தின்று தீர்த்துவிடும்.

சில நாற்றுகளைக் குளிர் அறையில் வைப்பதைப் பார்த்துவிட்டு பாய் ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, தாகத்தை அளக்கறதுக்குக் குளிர்ல எதுக்குங்க வெக்கறீங்க?"

"குளிர்லயும் அதே மாதிரிப் புரதம் சிலது வருதுங்க பாய். பனி உறையறப்ப செல்லுக்குள்ள இருக்கிற தண்ணியை வெளிய இழுத்துப்போடும். செல்லுக்கு அதுவும் தாகந்தானுங்க."

"அப்போ இதுக்கு ஊட்டியும் ஒண்ணு, உங்க ஊருக் காடும் ஒண்ணுன்னு சொல்லுங்க. நல்ல செடி புடிச்சீங்க!"

சும்மா சொல்லக் கூடாது, மனுஷருக்குக் கண் கூர்மை. காய்ந்தபோது விறைப்பாக நின்ற இலைகள், மறுபடி தண்ணீர் ஊற்றிய மறுநாள் சில தொட்டிகளில் துவண்டு போயின. எனக்கு முன்னால் கவனித்தவர் அவர்தான். "காயறப்ப சாவலீங்க. தண்ணி ஊத்துனப்புறந்தான் சாவுது" என்றார். உண்மைதான். காய்ந்தபோது சிதைந்த சவ்வு, தண்ணீர் திரும்பி வரும்போதுதான் ஒழுக ஆரம்பிக்கிறது. என் ஆய்வேட்டில் அது ஒரு முழு அத்தியாயம். கண்டுபிடித்தவர் என்று என் பெயர்தான் இருக்கிறது.

லேபில் இருந்த பெரிய கேனில் எவ்வளவு நைட்ரஜன் மிச்சம் என்று பார்க்க அவரிடம் ஒரு மரக்குச்சி உண்டு. உள்ளே விட்டு எடுத்தால் எதுவரை வெள்ளையாக உறைபனி படிகிறதோ அதுதான் அளவு. நான்கு இஞ்சுக்குக் கீழே அவர் இறங்க விட்டதேயில்லை. யாராவது மூடியைத் திறந்துவைத்துப் பேசிக்கொண்டு நின்றால், "ஆவியாப் போறது உங்க பட்டமுங்க கண்ணு" என்று சத்தம் போடுவார்.

1998 பிப்ரவரி பதினாலு, சனிக்கிழமை, ஊரில் குண்டுகள் வெடித்தன. அதைப் பற்றிக் கோயமுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடைகள் மூடிக் கிடந்தன, தெருவுக்குத் தெரு போலீஸ் நின்றது. முஸ்லிம் பெயரைச் சொன்னாலே ஓரமாக நிற்கவைத்துக் கேள்வி கேட்ட நாட்கள். பாய் வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமை நிரப்ப வேண்டிய கேனை யாரும் நிரப்பவில்லை.

புதன்கிழமை காலை குச்சியை விட்டுப் பார்த்தேன். இரண்டு இஞ்சு. இரண்டு வருஷத்து இலைகள், இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்கள், அந்த இரண்டு இஞ்சில் கிடந்தன. ஆழ்குளிர்ப் பெட்டி ரிப்பேராகி ஆறு மாதம். ஆர்.என்.ஏ.யைப் பிரிக்கிற மருந்து வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே இருந்தது, வந்துசேரவில்லை. சைக்கிளில் கொண்டுவருகிற சின்னக் கேனைப் பாய் சனிக்கிழமை காலையிலேயே நிரப்பச் சொல்லிக் கிடங்கில் விட்டிருந்தார். யாராவது போய் எடுத்துவந்தால் போதும்.

என்னிடம் டி.வி.எஸ். ஃபிஃப்டி இருந்தது. பெட்ரோலும் இருந்தது. நான் போயிருக்கலாம். பயம். அதனால், உக்கடத்தில் பாயின் எதிர்வீட்டு நம்பருக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"குச்சி எத்தனைங்க அம்மணி?" ஃபோனை எடுத்ததும் அதுதான் கேட்டார்.

"ரெண்டுங்க பாய்."

"உங்க பக்கம் ரோடெல்லாம் எப்படிங்க இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க. அமைதியாத்தான் இருக்குது. பஸ்கூட ஓடுது."

பச்சைப் பொய். ஹாஸ்டலும் லேபும் ஒரே வளாகம், நாலு நாளாக நான் அதன் கேட்டைத் தாண்டவில்லை.

"சரிங்க. மூடியைத் தொறக்காதீங்க. கேனை எடுத்துட்டு வாரேன்" என்றார்.

பிறகு நடந்ததை நான் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். கிடங்குவரை சந்துபொந்தாகப் போய்விட்டார். திரும்பும்போது நிறுத்தினார்கள். சைக்கிள், சாக்கு சுற்றிய உலோகக் கேன், மூடி இடுக்கில் வெள்ளைப் புகை. நிறுத்திய போலீஸ்காரர் வெளியூர், சின்ன வயசு, நாலு நாளாகச் சரியாகத் தூங்காதவர். பெயர் கேட்டார். பாய் சொன்னார். என்ன இது என்று போலீஸ்காரர் வெறுங்கையைக் கேனின் வாய்க்குக் கொண்டுபோனார். அந்தக் குளிரில் கை பட்டால் தோல் உரிந்துகொண்டு வரும்.

"தொடாதீங்க!" என்று பாய் கத்தினார்.

அந்தக் கையைக் காப்பாற்றத்தான் கத்தினார். அடுத்த நொடி ரோட்டில் குப்புறக் கிடந்தார், முதுகில் பூட்ஸ் கால். ஆட்களை விலக்கினார்கள், மணல் மூட்டை அடுக்கினார்கள். நைட்ரஜனுங்க, செடிக்குங்க, காத்துல இருக்கிறதுதானுங்க என்று ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். மதியத்துக்கு மேல் யாரோ வந்து, தூரத்திலிருந்து கயிறு கட்டி இழுத்துக் கேனைக் கவிழ்த்தார்கள். தார் ரோட்டில் புகை ஓடியது, ஒரு நிமிஷத்தில் ஒன்றும் இல்லை. சரி போ என்றார்கள்.

ஐந்து மணிக்கு லேபுக்குள் வந்தார். வளைந்த சைக்கிளை அத்தனை தூரமும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். நான் ஓடிப்போய் முதலில் கேனைத் திறந்து பார்த்தேன். அவர் முகத்தை அல்ல, கேனை. காலியாக இருந்தது. "என்னங்க பாய் இது!" என்று கத்தியபிறகுதான் நிமிர்ந்தேன். நெற்றியிலும் மூக்கிலும் தோல் பெயர்ந்திருந்தது, சட்டை முழுக்கத் தார்.

"மன்னிச்சுப்போடுங்க அம்மணி. கொட்டிப்போட்டாங்க" என்றார்.

அன்றே மற்றவர்கள் போய்க் கொண்டுவந்திருக்கலாமே என்பீர்கள். போகவில்லை. மறுநாள் குச்சி காய்ந்து வந்தது. ஒரு மாதம் கழித்து மருந்து வந்தபோது எல்லாக் குழாயையும் சோதித்தேன். கோடு கோடாகத் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் தேய்ந்த கறை. சீட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்த துக்கம் அதுவல்ல. சோளத்தை மறுபடி விதைக்கலாம், விதைத்தேன்.

ஊர் அடங்கியபின் துறைத் தலைவர் விமலாராணி மேடம் எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். நல்லவர்தான். பாயின் காயத்துக்குத் தன் கையால் மருந்து போட்டவர். "இனிமே பாய் கேனைத் தூக்கிட்டு வெளிய போக வேண்டாம். டிரைவர் திருமூர்த்தி ஜீப்ல போய் எடுத்துட்டு வரட்டும். பாய் உள்ளேயே கண்ணாடிச் சாமான் கழுவட்டும். அவர் பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்" என்றார்.

பாய் எழுந்து நின்றார். "மேடம், எனக்கு ஒரு அடையாள அட்டை மட்டும் குடுங்க. நானே போறனுங்க. பதினாறு வருஷத்துல ஒரு நாள்தானுங்க இப்படி ஆச்சு."

"எதுக்குங்க பாய் வம்பு" என்றார் மேடம்.

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். என் படிப்பை ஒரு வருஷம் நீட்டிக்கக் கேட்ட கடிதம் மேடத்தின் மேஜைமேல், கையெழுத்துக்குக் காத்திருந்தது. அனுப்பியது நான்தான், பொய் சொன்னேன், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, அட்டையைக் கொடுங்கள் என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? பேனா மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அவர் கண்ணாடிச் சாமான் கழுவினார். குச்சியைத் திருமூர்த்தியிடம் கொடுத்து, கேன் ஜீப்பில் சாயாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கேலி போயிற்று, சத்தம் போயிற்று. மறுவருஷம் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

1999 டிசம்பரில் எனக்குப் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயரை முழுசாகப் போட்டிருந்தேன். ஒரு பிரதியும் இனிப்பும் எடுத்துக்கொண்டு உக்கடம் போனேன். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். பாய் தன் பெயர் இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப இளைத்திருந்தார்.

"பாய், அன்னைக்கு ஃபோன்ல நான் பொய் சொன்னேனுங்க. ஊரு அமைதியா இருக்குதுன்னு..." அதற்குமேல் வரவில்லை, அழுதுவிட்டேன்.

"அட, அது தெரியுமுங்க அம்மணி" என்றார். "எங்க ஊட்டு வாசல்லயே போலீசு நின்னுட்டு இருந்துச்சு. எந்த பஸ்ஸு ஓடுது? நீங்க சொன்னதை நம்பி நான் வரலீங்க. ரெண்டு இஞ்சுன்னீங்க, வந்தேன்."

ஆய்வேட்டை மூடி என் பக்கம் தள்ளிவைத்தார்.

"கீழ தள்ளுன போலீசு மேலயும் எனக்குக் கோவமில்லீங்க. அந்தப் பையனுக்கு நான் யாருன்னு தெரியாது. மேடம் முன்னால உக்காந்திருந்த உங்களுக்குத் தெரியுமல்லங்க?"

டீ ஆறுது குடிங்க என்றார் அவர் மனைவி. குடித்தேன்.