அறுபது பேரும் சேர்ந்து அழுத்தியபோது

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டராக இருக்கிறேன். படிப்பு ஒன்பதாவது. லேப்பைத் திறப்பது, துடைப்பது, கேபிள் மாட்டுவது, பரீட்சையன்று பிள்ளைகளின் போனை வாங்கிப் பையில் போடுவது. இதுதான் வேலை.

லேப்பில் அறுபது சீட். பிள்ளைகள் தட்டுகிற விடை பக்கத்து அறையில் இருக்கும் பெரிய மெஷினுக்குப் போகும். அந்த ஒரே மெஷினுக்குள் பல மெஷின்கள் ஓடுகிற மாதிரி பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று விடைகளை வாங்கி ஆபீஸுக்கு அனுப்பும்.

அது ரொம்ப மெதுவாகிவிட்டது. பரீட்சை முடிந்தும் பிள்ளைகள் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டம் பார்க்கிற சார் காரணம் சொன்னார்.

"ஒரு விடை வெளிய போறதுக்குள்ள மூணு எடத்துல நகல் எடுக்குதுண்ணா. உள்ள இருக்கிற மெஷின் ஒண்ணு, பெரிய மெஷின் ஒண்ணு, வெளிய அனுப்புற நெட்வொர்க் கார்டு ஒண்ணு. நேரமெல்லாம் அதுலயே போகுது."

"அத்த நிறுத்திட்டா இன்னா சார்?"

"அதான் பண்ணப் போறேன். விடை இருக்கிற எடத்துலேர்ந்தே கார்டு நேரா எடுத்துக்கும்."

ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினார். பிறகு அறுபது சீட்டையும் என்னிடம் பார்க்கச் சொன்னார். சீட் நம்பரைத் தட்டுவேன், பட்டனை அழுத்துவேன், பக்கத்து அறைக்குப் போய் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போவேன். எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில் போயிருந்தது. தாளில் கையெழுத்துப் போட்டேன்.

பரீட்சையன்று மணி அடித்ததும் எல்லோரும் அழுத்தினார்கள். உடனே வெளியே போய்விட்டார்கள். சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஹெச்.ஓ.டி. மேடம் கூப்பிட்டார். சாரும் அங்கே இருந்தார். பதினாலாம் சீட் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் விடையும் நாற்பத்தொன்றாம் சீட் பையன் விடையும் ஒன்று. பிழை கூட ஒன்று.

"போனை உள்ள விட்டீங்களா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். எல்லாம் என் பையில இருந்துச்சு."

"அப்ப எப்படி?"

அந்தப் பெண் சொன்னாள், "நான் எழுதினது வேற கேள்வி. அந்தக் கேள்வியையே எடுக்கல மேடம்."

"மாட்டினா எல்லாரும் இதத்தான் சொல்வாங்க."

பேப்பரை ரத்து செய்யப் போகிறார்கள். அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பேப்பர் போனால் வேலையும் போகும்.

"மெஷின்ல தப்பு இல்ல மேடம். அண்ணா அறுபதையும் டெஸ்ட் பண்ணியிருக்கார்" என்று சார் என் தாளை நீட்டினார்.

என் கையெழுத்து. மேலே என் கையால் எழுதிய நேரம். ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் இரண்டு நிமிடம். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"மேடம், நான் ஒருத்தன் தானே கீறேன். ஒண்ணு ஒண்ணா தான் அழுத்துனேன்."

சார் தாளைத் திரும்ப வாங்கி நேரங்களைப் பார்த்தார்.

"கார்டு எடுத்து முடிக்கிறதுக்குள்ள அதே எடத்துல அடுத்த விடை வந்து உக்காந்தா..." என்றார்.

"உக்காந்தா?"

"நம்பர் இவங்களுது போகும் மேடம். விடை அடுத்தவங்களுது."

அப்போதே வேறு வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்து உட்கார வைத்தோம்.

"பிரியாணி போட்டா தினம் வந்து அழுத்துறோம்ணா" என்றான் ஒருவன்.

எல்லோரும் தங்கள் சீட் நம்பரைத் தட்டினார்கள். நான் "இப்ப" என்றேன். அழுத்தினார்கள்.

பக்கத்து அறைத் திரையில் ஏழாம் சீட்டின் பேரில் முப்பத்திரண்டு என்று வந்திருந்தது. அதைப் போல இன்னும் மூன்று. பிரியாணி கேட்டவனும் வந்து எட்டிப் பார்த்தான்.

மேடம் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உன் மேல தப்பு இல்லம்மா" என்றார்.

"அப்ப நான் எழுதினது எங்க மேடம்?"

மேடம் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார். "எங்கயும் இல்லம்மா. நகலே எடுக்கல. அது மேலயே அடுத்தது எழுதிடுச்சு."

அவள் அழவில்லை. இன்னும் யார் யாருடையது மாறியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. பரீட்சையே ரத்து.

சார் மெஷினைப் பழையபடி நகல் எடுக்க வைத்த பிறகு, அடுத்த வாரம் அறுபது பேரும் மறுபடி எழுதினார்கள். அவள் பாஸ் செய்தாள், வேலைக்கும் போனாள். ஆனால் அன்று எழுதி முடித்துப் போனை வாங்க வந்தபோது அவள் சொன்னது:

"மொதல்ல எழுதினது இதவிட நல்லா வந்துச்சுண்ணா."

போனை எடுத்துக் கொடுத்தேன்.