அவிநாசி ரோட்டில் ஒரு பகல்: இரண்டு ரத்தப் பரிசோதனை, ஒரு லேமினேஷன்

இல்லை, வீட்டில் சொல்லவில்லை. அவிநாசி கோயிலுக்குப் போகிறேன் என்றுதான் சொன்னேன். மாலையில் உண்மையிலேயே அங்கே இறங்கி ஒரு பொட்டலம் திருநீறு வாங்கிக்கொண்டதால் பொய் பாதியாகக் குறைந்தது.

இந்த வலைப்பூவில் இதுவரை அணை, அருவி, மலைக்கோயில் என்று ஒருநாள் பயணங்களை மட்டுமே எழுதியிருக்கிறேன். இது கருமுட்டையை உறைய வைக்கலாமா என்று விசாரிக்கப் போன பயணம். திருப்பூரிலிருந்து கோவைக்கு, 54 கிலோமீட்டர். சென்ற மாதம் போகிறபோக்கில் இதைப் பற்றி ஒரு வரி எழுதியதற்கு நான்கு பெண்கள் தனியாக மடல் அனுப்பினார்கள். எங்கே, எவ்வளவு, யாரோடு, வலிக்குமா. தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தூரமும் நேரமும் செலவும் வழக்கம்போலச் சரியாக இருக்கும். நான் நடந்துகொண்டது அவ்வளவு சரியாக இல்லை.

எனக்கு முப்பத்து மூன்று. பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கும் எங்கள் தையல் தளத்துக்கும் நடுவில் நின்று தேதிகளைக் காப்பாற்றுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. வேண்டவே வேண்டாம் என்றும் முடிவு செய்யவில்லை. பிள்ளை வேண்டுமா என்று கேட்டால் தெரியவில்லை என்பேன். ஐந்து வருடமாக அதே பதில்.

இந்தத் தீபாவளி என் தங்கைக்குத் தலைதீபாவளி. அவளைப் பார்த்தால் பொறாமை வரும் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். வரவில்லை. அவள் மாப்பிள்ளைக்கு மூன்றாவது முறையாகப் பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றபோது எனக்குக் கொஞ்சம் தூக்கம்தான் வந்தது. அன்று மதியமே மாடிக்குப் போய் க்ளினிக்குக்கு ஃபோன் செய்து நேரம் வாங்கினேன். முடிவெடுக்கத் தெரியாதவர்கள் செய்வது அதுதான். முடிவைத் தள்ளிவைக்க வசதி இருக்கிறதா என்று விசாரிப்பது.

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். கம்பெனிகள் மூடியிருந்தன. ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் காலை 7.10 பஸ், ஆளுக்கு 45 ரூபாய், ஜன்னல் ஓரம் கேட்காமலே கிடைத்தது. திருப்பூரிலும் இந்த மாதிரி க்ளினிக்குகள் இருக்கின்றன. ஆனால் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண் யாராவது ஒரு பங்காளிக்கு மருமகளாக இருப்பாள். அதனால் கோவை.

துணைக்கு சுகந்தியக்கா வந்தார். எங்கள் கம்பெனியில் சாம்பிள் தைக்கிற டெய்லர். முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் பிரிந்து, ஒன்பது வருடமாக அம்மாவோடு திருப்பூர் பக்கம் மங்கலத்தில் இருக்கிறார். பிள்ளை, மறுகல்யாணம் என்று யாராவது ஆரம்பித்தால் மிஷினை ஓட விட்டுவிடுவார், சத்தத்தில் பேச்சு நின்றுபோகும். எதையும் வெளியே சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்பதால் கூப்பிட்டேன். அவிநாசி தாண்டும்வரை எங்கே போகிறோம் என்றே கேட்கவில்லை. பிறகு சொன்னேன். "ஃப்ரிட்ஜுல வெக்கறதுங்களா?" என்று மட்டும் கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

8.35க்குப் பீளமேட்டில் இறங்கினோம். க்ளினிக் ஏழு நிமிட நடை. வாசலில் பேனர். தீபாவளி சலுகை: கூட வருபவருக்கும் பரிசோதனை எடுத்தால் பாதி விலை. கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை 1,600 ரூபாய், துணைக்கு வந்தவருக்கு 800. திருப்பூர்க்காரருக்குப் பாதி விலை என்ற சொல்லைக் காட்டக் கூடாது. சுகந்தியக்கா பேனரைக் கடைசிவரை படித்துவிட்டு, "எனக்கும் ஒன்னு எடுத்துரலாம் கண்ணு. ரத்தந்தான, ஊறிக்கும்," என்றார். சிரித்தோம். நான்தான் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

9.20க்கு ரத்தம் எடுத்தார்கள். அடுத்து எனக்கு மட்டும் ஸ்கேன். நர்ஸ் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் வயிற்றின் மேலேயே பார்த்துக்கொள்ளலாம், ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள் என்றார். இது யாரும் முன்னால் சொல்லாத விஷயம். வீட்டிலிருந்தே குடித்துக்கொண்டு போங்கள். நான் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எதிரே நான்கு ஜோடிகள். எல்லோரும் ஏதோ அரசு அலுவலகத்துக்கு வந்தவர்கள்போல ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரிசல்ட் ஒன்றரை மணிக்கு என்றார்கள். பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, இரண்டு பேருக்கு 240. சுகந்தியக்கா ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். எங்களை அக்கா தங்கை என்று நினைத்துக்கொண்டு இருவரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார். இரண்டு தாள்களை மேசையில் பக்கம்பக்கமாக வைத்தார்.

"அக்காவுக்கு 3.4. இந்த வயசுக்கு ரொம்ப நல்லா இருக்குங்க. உங்களுக்கு 0.9."

பொறாமை நெஞ்சில் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் காதில் வந்தது. அடுத்து அவர் சொன்னதில் பாதி கேட்கவில்லை. கேட்டவரை எழுதுகிறேன். மாதவிடாயின் இரண்டாம் நாள் ஊசி தொடங்கும். பத்திலிருந்து பன்னிரண்டு நாள். பிறகு மயக்கம் கொடுத்து எடுப்பார்கள், அன்றே வீடு திரும்பலாம். மருந்தோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு 1,60,000. வைத்திருக்க வருடத்துக்கு 20,000. பத்து வருடம்வரை வைக்கலாம். என் எண்ணுக்கு ஒரு சுற்றில் ஐந்தாறு முட்டைதான் கிடைக்கக்கூடும், இரண்டு சுற்று தேவைப்படலாம். உறைய வைத்ததில் சிலது திரும்ப எடுக்கும்போது தாங்காது. இது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. பத்தாயிரம் பீஸ் ஆர்டருக்கு நாங்கள் ஐந்நூறு கூடுதலாக வெட்டுவோம். சேதாரத்துக்கு. ஐந்தே ஐந்து பீஸுக்குத் துணி இருந்தால் எவ்வளவு கூடுதலாக வெட்டுவது?

இன்னொன்றும் சொன்னார். இந்த எண் கையிருப்பின் அளவு மட்டும்தான், கரு தங்குமா என்பதை இது சொல்லாது, அதற்கு வயதும் வேறு பலதும் இருக்கின்றன என்று. இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார்.

வெளியே வந்தோம். நான் யோசித்தவற்றை வரிசைப்படி: வேண்டாம் என்பவருக்கு இது எதற்கு. என்னைவிட ஐந்து வயது மூத்தவருக்கு எப்படி. பாதி விலையில் வந்தது. என் பையிலிருந்து எடுத்து அவர் பையில் போட்ட மாதிரி. என்னிடம் இரண்டு பட்டம் இருக்கிறது என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

2.20 பஸ். அவிநாசிவரை 40 கிலோமீட்டரும் சுகந்தியக்கா அந்தத் தாளை மடியில் விரித்தே வைத்திருந்தார். மடிக்கவில்லை. என் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 3.30க்கு இறங்கினோம், நடை திறக்க இன்னும் அரை மணி நேரம். கோயில் தேர் நிற்கிற தேர்முட்டிப் பக்கம் டீ குடிக்கலாம் என்று நான் திரும்பினால் அவர் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் ஏறிவிட்டார்.

"இத லேமினேஷன் பண்ணித் தாங்க."

கடைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்து, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையெல்லாம் யாரும் லேமினேஷன் பண்ண மாட்டார்களே என்றார். சுகந்தியக்கா முப்பது ரூபாயை எடுத்து மேசையில் வைத்தார். தாள் மிஷினுக்குள் போய்ச் சூடாக, பளபளவென்று வெளியே வந்தது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கி வெயிலில் காட்டிப் பார்த்தார். பரிசுச் சான்றிதழைப் பார்க்கிறவர் மாதிரி. அதுவரை அடக்கியிருந்தது வாயில் வந்துவிட்டது.

"உங்களுக்கு இனிமே இதெல்லாம் எதுக்குங்கக்கா?"

அவர் கோபப்படவில்லை. ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே பேசினார்.

"எனக்கு ஒன்னுத்துக்கும் வேண்டாம் கண்ணு. எங்கம்மாளுக்கு வேணும். ஆறு வருசத்துல அவிய ஊட்டுல ஒரு டெஸ்டு எடுக்கல. அவனுக்கும் எடுக்கல. பேசி முடிக்க உக்காந்தன்னிக்கு எங்கம்மாளே எந்திரிச்சு, எம் புள்ளைகிட்டத்தான் கொறைங்கன்னு கும்புட்டுச்சு. அன்னையிலிருந்து வளைகாப்பு, சீருன்னா என்னையப் பின்னால நிறுத்திப்போட்டுத் தானும் பின்னால நின்னுக்கும்."

"அதுக்கு லேமினேஷனுங்களா?"

"போண்டாக் கடையில்ல வெச்சிருக்குது. எந்நேரமும் கையில எண்ணெ."

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னதைக் கவனித்தீர்களா, அந்த எண் எண்ணிக்கைதான், குறை யாரிடம் என்பதை அது சொல்லாது என்றேன். நான் சொன்னது உண்மை. அதைச் சொல்லத் தோன்றிய காரணம் உண்மை இல்லை. 3.4ஐக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார்.

"கேட்டுட்டுத்தான் இருந்தேன். அத ஏன் எங்கம்மாகிட்டச் சொல்லோணும்?"

பிறகு கோயில். கூட்டமில்லை. இருபது நிமிடம். சுகந்தியக்கா பிளாஸ்டிக் அட்டையைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார், இன்னும் லேசாகச் சூடு இருப்பதாகச் சொன்னார். அவிநாசியிலிருந்து திருப்பூருக்கு டவுன் பஸ், 14 கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 5.05க்கு ஏறி 5.50க்கு இறங்கினோம். அவர் அங்கிருந்து மங்கலம் பஸ்ஸுக்கு ஓடினார்.

டவுன் பஸ்ஸில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொறாமைப்பட்டேன், அப்படியானால் எனக்குப் பிள்ளை வேண்டும் என்றுதானே அர்த்தம்? எளிதாக இருந்தது, அதனால் நம்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுப் பெண் வேதியியலில் இரண்டு மதிப்பெண் கூட வாங்கியதற்கும் இதே காது அடைத்திருக்கிறது. வேதியியல் எனக்கு அன்றும் வேண்டாம், இன்றும் வேண்டாம். முன் இருக்கையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். வேண்டுமென்றே பத்து நிமிடம் அவளைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தங்கையை நினைத்தேன். ஒன்றும் இல்லை. தாள்களை மாற்றிவைத்துப் பார்த்தேன், எனக்கு 3.4, அவருக்கு 0.9. அப்போது நான் என்ன செய்திருப்பேன்? டீ குடித்திருப்பேன். இன்னும் ஐந்து வருடம் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

அதற்குத்தான் பொறாமை. தெரியவில்லை என்று சொல்ல எனக்கு நேரம் இல்லை, அதைச் சொல்லத் தேவையே இல்லாதவரிடம் அது இருக்கிறது. குழந்தைக்காக இல்லை. இது பெருமையான காரணம் இல்லை. ஆனால் அன்று என்னிடம் இருந்த ஒரே நிச்சயமான காரணம். ஐந்தாறு முட்டை எத்தனை வருடத்தை வாங்கித் தரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்காவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்தது: வருகிற வளைகாப்பு ஒவ்வொன்றிலும் யாருடைய வயதையாவது கேட்டுக்கொண்டு நிற்பேன்.

போக நினைப்பவர்களுக்கு. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. தண்ணீர் விஷயம் மேலே சொன்னேன். ஆதாரும் பழைய ரிப்போர்ட்டுகளும் கொண்டுபோங்கள். டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், காது எப்போது அடைக்கும் என்று தெரியாது. ஒரு சுற்றில் எத்தனை கிடைக்கும், எத்தனை தாங்கும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், எல்லா டாக்டரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள். ரிசல்ட்டை மட்டும் தனித்தனியாக வாங்குங்கள். இரண்டு பேருக்கும் பயணச் செலவு, சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து 480. மருத்துவச் செலவு தனி.

அடுத்த வாரம் கம்பெனி திறந்தது. சுகந்தியக்காவின் மிஷினைத் தாண்டித் தினமும் நாலைந்து முறை போகிறேன். அவர் அம்மா அதைப் பார்த்து என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஜெராக்ஸ் கடையில் நான் சொன்ன இரண்டாவது விஷயத்துக்கு மன்னிப்பும் இன்னும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை க்ளினிக்குக்கு ஃபோன் செய்து நாளை இரண்டாம் நாள் என்று சொன்னேன். வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை 6.40 பஸ்ஸில் தனியாகப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, பதினொன்றரைக்கு வேலைக்குத் திரும்பினேன்.