ஏழு நொடிப் பாட்டு

போன வாரம் வேங்கிக்காலிலிருந்து ஒரு பெண் தன் அப்பா அம்மாவின் கல்யாண கேசட்டைக் கொண்டுவந்து, பென் டிரைவில் ஏற்றித் தரச் சொன்னாள். டெக்கில் போட்டதும் அந்த மலை வந்தது. கறுப்பில் வெள்ளைக் கோட்டால் வரைந்த மலை, உச்சியில் கொஞ்சம் கொஞ்சமாக வளரும் சுடர், சுடர் உடைந்து எழுத்தாகி நிற்கும் நான் அப்போது வேலை பார்த்த வீடியோ கடையின் பெயர். போர்டு எழுதுகிறவரைப் பிடித்து அட்டை அட்டையாக வரைய வைத்து, ஒவ்வொன்றாகக் கேமரா முன் வைத்து எடுத்தது. அதனால் சுடர் விக்கல் வந்தது போல வெட்டி வெட்டித்தான் எரியும்.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. வாடகைக்கு வரும் சினிமா கேசட்டுகளின் தொடக்கத்தில் கம்பெனி முத்திரை இசையோடு சுழன்று வருவதைப் பார்த்து, நாங்கள் எடுக்கும் கல்யாண கேசட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று முதலாளிக்கு ஆசை வந்தது. பாட ஆள் தேடி அலையவில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே முதலாளியின் செத்துப்போன அண்ணனுடைய மனைவி இருந்தார். நான் அவரை அக்கா என்பேன். புருஷன் போன பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர்தான் மணமக்கள் வாழ்க என்று ஏழு நொடி பாடினார். யாரிடமும் சொல்லக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. தன் குரலாவது வீடு வீடாகக் கல்யாணத்துக்குப் போகிறது என்று அக்காவுக்கு அத்தனை சந்தோஷம். எடிட்டிங் அறைக்கு டீ கொண்டுவந்தால், அந்த ஏழு நொடி முடியும்வரை தம்ளரோடு நிற்பார்.

கெடுத்தவன் நான். தேரடித் தெருவில் ஒரு வீட்டில் கேசட்டைப் போட்டுக் காட்டியபோது, பெண்ணின் அம்மா, "யாருப்பா இது பாடறது? எங்க சின்னவ நலங்குக்குக் கூப்புடலாமே" என்றாள். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் திமிர். "எங்க முதலாளியோட அண்ணிதாங்க" என்றேன். அவள் டி.வி.யை அணைத்தாள். மறுநாள் காலையில் கடை வாசலில் நின்று, தெருவே கேட்க, "தாலி அறுத்தவ குரல வச்சா எங்க பொண்ணு கேசட்ட ஆரம்பிச்சீங்க?" என்று கத்தினாள். அக்கா உள்ளேதான் இருந்தார்.

முதலாளி அண்ணியை ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னிடம் மட்டும், "குடுத்த கேசட் எல்லாத்தையும் வாங்கினு வா. ஒன்னுலகூட அந்தப் பாட்டு இருக்கக் கூடாது" என்றார். மைக் இல்லாமல் ஒலியை மட்டும் மறுபடி பதிந்தால் பாட்டு போய்விடும், படம் நிற்கும். நான்கு நாள் அழித்தேன். மூன்றாம் நாள் அக்கா டீயை வைத்துவிட்டு, "ஒன்னே ஒன்னு உட்டுடு தம்பி. என்னாண்ட இருக்கட்டும்" என்றார். சரிக்கா என்றேன். அதையும் அழித்தேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். முதலாளி எதையும் சரிபார்க்கவில்லை. என்னால் அடிபட்டவர் என் முன்னால் வந்து கெஞ்சியது எனக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் அக்கா அறைக்குள் வரவில்லை. டீயை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

வேங்கிக்கால் பெண் கொண்டுவந்த இந்தக் கேசட்டில் அழிக்கும் பட்டனை அரை நொடி தாமதமாக அழுத்தியிருக்கிறேன். மலை வருகிறது, பாடுவதற்கு முன் அக்கா மூச்சை இழுப்பது கேட்கிறது, பிறகு ஒன்றுமில்லை. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது; எனக்குத் தெரிந்து அவருடையதென்று மிஞ்சியது அந்த மூச்சு ஒன்றுதான்.

"ஸ்டார்டிங்ல சவுண்டே வரலியே அங்கிள்?" என்றாள் அந்தப் பெண்.

"பழைய கேசட்டும்மா. பூஞ்சை புடிச்சிருக்கும்."

"அப்ப அந்த பார்ட் வேணாம். கட் பண்ணிடுங்க."

சரிம்மா என்றேன். அன்றைக்கு அக்காவிடம் சொன்ன அதே குரல்தான். இந்த முறை சொன்னபடியே செய்தேன்.